டிராக்டருக்கு மலிவு எல்இடி வேலை விளக்கு: போடலாமா, வேண்டாமா?

செம்பனை டிரைவர் (நிபோங் திபால்):
எங்கள் மாஸி 240 டிராக்டரில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கு இருக்கின்றன. செம்பனைக் குலை ஏற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. ஹாலஜன் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது. ஆன்லைனில் 27 வாட் எல்இடி ஒன்று 25 வெள்ளி, நான்கு வாங்கினால் 100 வெள்ளி. பேர் பெற்ற கம்பெனி விளக்கு ஒன்றே அதைவிட அதிகம். மலிவே போதும் என்பது என் கட்சி.

ஒயரிங் மணியம் (புக்கிட் மெர்தாஜாம்):
தம்பி, அவசரப்படாதீர்கள். இன்ஜின் ஓடட்டும், நான்கு விளக்கும் எரியட்டும். மீட்டரை முதலில் பேட்டரியிலும் பிறகு விளக்கின் முனையிலும் வைத்துப் பாருங்கள். நான்கு 55 வாட் என்றால் 18 ஆம்பியருக்கு மேல் போகும். பழைய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் (டிராக்டரின் இரும்போடு சேரும் இணைப்பு) அதைத் தாங்காமல் வழியிலேயே ஒன்றிரண்டு வோல்ட்டை விழுங்கிவிடும். ஹாலஜனுக்கு அது பெரிய அடி. 12 வோல்ட் 11 ஆகக் குறைந்தால் வெளிச்சத்தில் கால் பங்கு காணாமல் போகும். நீங்கள் விளக்கைக் குறை சொல்கிறீர்கள், குறை ஒயரில் இருக்கலாம். புது ஒயர் இழுத்து, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சு) போட்டு, எர்த்தைச் சுரண்டிவிட்டால் ஹாலஜனே போதும். பல்பு போனால் டவுனில் எங்கேயும் கிடைக்கும். மலிவு எல்இடி செத்தால் விளக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

செம்பனை டிரைவர்:
அண்ணே, ஒயர் விஷயம் சரி. ஆனால் எங்கள் தோட்டப் பாதையில் ஒரு முறை வந்து பாருங்கள். அந்தக் குலுக்கலில் பல்பின் இழை அறுந்து அறுந்து போகிறது. எல்இடியில் இழையே கிடையாது. இன்னொன்று, எங்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டியது டிராக்டர் நிற்கும்போது. இன்ஜின் மெதுவாக ஓடும், ஆல்டர்னேட்டரும் அப்போது குறைவாகத்தான் கொடுக்கும். அந்த நேரத்தில் 18 ஆம்பியர் இழுத்தால் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். 27 வாட் நான்கு என்றால் 9 ஆம்பியர், பாதிதான்.

செல்வி (சுங்கை பாக்காப்):
தோட்டத்தில் கணக்கும் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு, அதனால் சொல்கிறேன். 27 வாட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 3 வாட் சில்லு ஒன்பது இருப்பதால் 27 என்று போடுகிறார்கள். எங்கள் மின்காரர் அளந்தபோது 12.5 வோல்ட்டில் 1.2 ஆம்பியர்தான் இழுத்தது. அதாவது 15 வாட். உள்ளங்கை அளவு விளக்கில் "300 வாட்" என்று போடுபவனிடம் வாங்கவே கூடாது. அவ்வளவு சூட்டை அந்தச் சின்ன அலுமினியம் வெளியே தள்ள முடியாது.

ஆனாலும் நான் தம்பி பக்கம்தான். 55 வாட் ஹாலஜன் பல்பு சுமார் 1,450 லூமென் (வெளிச்சத்தின் அளவு) கொடுக்கும். எல்இடி வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தாலும் 15 வாட்டிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது, மின்சாரம் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எல்இடி ஒரே பக்கமாக வீசுவதால் வீணாவதும் குறைவு.

நெல்வயல் (பெனாகா):
செல்வி அக்கா சொன்ன கணக்கு முதல் நாளுக்குச் சரி. இரண்டு மழைக்குப் பிறகு? நான் உழவுக் குத்தகை எடுப்பவன். இரும்புச் சக்கரம் போட்டுச் சேற்றில் இறங்கினால் விளக்கு வரைக்கும் சேறுதான், வேலை முடிந்ததும் பிரஷர் பம்பில் அடித்துக் கழுவ வேண்டும். பெட்டியில் தூசி, தண்ணீர் புகாத தரம் ஐபி67 என்று இருக்கும். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை. பிரஷர் பம்புக்கு வேண்டியது ஐபி69கே. மலிவு விளக்கில் 67-ஐயே யாராவது சோதித்தார்களா என்பது சந்தேகம். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ரேடியோவில் இரைச்சலும் வரும், உள்ளே இருக்கும் மலிவுச் சுற்றுதான் காரணம். நான் விலை கொடுத்துத்தான் வாங்குவேன், குறைந்தது பின்னால் இருப்பதையாவது.

செல்வி:
பின்விளக்குக்கு ஒத்துக்கொள்கிறேன். சேறு உங்கள் கவலை, எங்களுக்கு உரம். பொட்டாஷும் அமோனியம் சல்பேட்டும் தெறித்தால் அலுமினியத்தையும் செம்பு முனைகளையும் அரித்துவிடும். அப்புறம் ஒன்று, உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் டிரெய்லருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். அந்த நீல வெள்ளை விளக்கைக் கண்ணுக்கு நேரே வைத்தால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 6000 வேண்டாம், 4000 அல்லது 5000 பாருங்கள். குறுகலாக வீசாமல் அகலமாகப் பரப்பும் விளக்காக வாங்கி, உயரத்தில் மாட்டித் தரையைப் பார்க்கச் சாய்த்துவிடுங்கள். எத்தனை லூமென் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

ஒயரிங் மணியம்:
உயரத்தில் என்றதும் கூரை மேல் மாட்டிவிடாதீர்கள், செம்பனை மட்டை தட்டி முதல் நாளே கீழே விழும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் தூணில் உள்பக்கம் மாட்டுங்கள். டிராக்டர் கவிழ்ந்தால் டிரைவரைக் காப்பது அந்த இரும்புச் சட்டம்தான், அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. கிளாம்ப் போதும்.

எல்இடியே போடுவதானாலும் விளக்குக்கு 100 வெள்ளி செலவழித்துவிட்டு ஒயருக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். பேட்டரி முனையை இறுக்கி வையுங்கள். இன்ஜின் ஓடும்போது அது கழன்றால் 12 வோல்ட் வண்டியிலேயே அழுத்தம் 80 வோல்ட் வரை எகிறும். "10 முதல் 30 வோல்ட்" என்று எழுதிய மலிவு விளக்கு அதில் பிழைக்காது. பின்விளக்குக்குத் தனிச் சுவிட்சு வையுங்கள். பொதுச் சாலையில் ஏறும் முன் அணைத்தே ஆக வேண்டும், பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் மோட்டார்சைக்கிளில் வருபவன் குழம்பிவிடுவான். இவ்வளவும் செய்தால் ஹாலஜனும் நன்றாகவே எரியும் என்பதை இப்போதும் சொல்கிறேன்.

செம்பனை டிரைவர்:
ஒயர் வேலையை முதலில் முடிக்கிறேன். அதற்குப் பிறகு இடதுபுறம் ஹாலஜன், வலதுபுறம் மலிவு எல்இடி. பின்னால் இருப்பதற்கு மட்டும் நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கிறேன். அண்ணே, இரண்டு பக்கமும் மீட்டர் காட்டும் கணக்கை இங்கேயே எழுதுகிறேன், அப்போது மறுபடியும் பேசுவோம்.

நெல்வயல்:
மழைக்காலம் முடிந்த பிறகு எழுதுங்கள். அதற்கு முன் வரும் எந்தக் கணக்கையும் நான் ஏற்க மாட்டேன்.