தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்து வாங்கிய இசைத்தட்டுகள்: உங்கள் அனுபவம்

டூட்டிங் பழையவர்:
தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து பாட்டுத் தொகுப்புகளை விற்ற கே-டெல் கம்பெனியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1972, லண்டன். யாழ்ப்பாணத்திலிருந்து உடன் வந்த நண்பனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். மூச்சு விடாமல் பேசும் அந்த விளம்பரக் குரலைக் கேட்டுக் கேட்டு '20 டைனமிக் ஹிட்ஸ்' வாங்கினோம். அறையில் காசு போட்டால்தான் மின்சாரம். ஓர் இரவு, இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது மீட்டரில் காசு தீர்ந்துவிட்டது. விளக்கு சட்டென்று அணைந்தது, ஆனால் தட்டு உடனே நிற்கவில்லை. பாடியவரின் குரல் தடித்து, இழுபட்டு, முனகலாகி அடங்கியது. விட்ட இடத்திலிருந்து நண்பன் இருட்டில் பாடத் தொடங்கினான். கடையில் ஆங்கிலம் பேசவே கூசுகிறவன், தயங்காமல் பாடி முடித்தான். மறு வருடம் அவன் ஊர் திரும்பியபோது தட்டை அவனிடமே கொடுத்தனுப்பினேன். பிறகு அவனைப் பார்க்கவே இல்லை. அது எந்தப் பாட்டு என்று இன்னும் பிடிபடவில்லை. ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பெனி விற்ற தட்டு எனக்கு இப்படி ஒரு நினைவைத் தந்திருக்கிறது.

வின்னிபெக் வாசி:
ஐயா, அமெரிக்கக் கம்பெனி இல்லை. கே-டெல் கனடாவில், எங்கள் வின்னிபெக்கில் பிறந்தது. அதைத் தொடங்கிய பிலிப் கைவ்ஸ், சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஊங்க்ரே என்ற சிற்றூரின் பண்ணை வீட்டுப் பிள்ளை. வீடு வீடாகச் சமையல் பாத்திரம் விற்றவர், பிறகு ஒட்டாத வாணலியைத் தொலைக்காட்சியில் விற்றார். காய் நறுக்கும் கருவிக்குச் செய்த அதே விளம்பரத்தை 1966-இல் பாட்டுக்கும் செய்தார். 'கன்ட்ரி' என்னும் இசைவகையின் 25 பாடகர்கள், ஒரே தட்டு. பல கம்பெனிகளிடம் சிதறிக் கிடந்த பாட்டுகளை உரிமம் வாங்கி ஒன்றாகக் கட்டியதுதான் அவருடைய பெரிய யோசனை.

என் அனுபவம் சிறியது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் நிலவறையில் கே-டெல்லின் தட்டு அடுக்கியைக் காட்டினார். முன்னால் இருந்த தட்டை விரலால் தள்ளினார். வரிசை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தது. "என் கணவர் போன பிறகு இன்றுதான் தொடுகிறேன்" என்றார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் நின்றது இப்போதும் உறுத்துகிறது.

ஊசிமுனை:
நான் ஏமாந்தது வேறொரு நிறுவனத்திடம், பெயர் வேண்டாம். உறையில் பாட்டுகளின் பெயர்கள் பெரிதாக இருந்தன, பாடியவர்கள் வேறு யாரோ. முதல் வரியிலேயே அப்பாவின் முகம் வாடியது. "அசல் பாட்டுகள், அசல் பாடகர்கள்" என்று கே-டெல் திரும்பத் திரும்பச் சொன்னதன் அருமை அன்று புரிந்தது.

பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்துக்குப் பத்துப் பாட்டு என்றால் வரித்தடங்கள் மிக நெருக்கமாக இருக்கும், ஒலி அளவும் குறைவாகப் பதிந்திருக்கும். ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். ஆகவே முதலில் தூசியை எடுங்கள். கார்பன் இழைத் தூரிகையைத் தடத்தின் போக்கிலேயே சுற்றிப் பிடியுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். கழுவுவதென்றால் காய்ச்சி வடித்த நீர் போதும், நடுவிலுள்ள தாள் நனையக்கூடாது. ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே வையுங்கள், தாவுகிறது என்று மேலே நாணயம் வைக்கவே கூடாது. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், வளைந்துவிடும்.

டூட்டிங் ஐயாவுக்கு: இருபது பாட்டை அடக்குவதற்காக இத்தகைய தட்டுகளில் பாட்டுகளைக் குறுக்குவார்கள். சரணம் போகும், முடிவு சீக்கிரமே தேயும். உங்கள் நண்பர் பாடியது தட்டில் இருந்ததைவிட நீளமா?

பர்மிங்ஹாம் கடைப்பையன்:
தட்டைத் துடைப்பது பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே! பாட்டுகளை வெட்டியதையே பெரிதாக்குவதும் சரியல்ல. என் அம்மாவால் இருபது தனித் தட்டுகள் வாங்கியிருக்க முடியாது. ஒரு வருடத்துப் பாட்டெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த ஒரு தட்டில்தான்.

1983-இல் சனிக்கிழமைகளில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தேன். நவம்பர் கடைசியில் வர்ஜின், இ.எம்.ஐ. என்ற இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களும் சேர்ந்து 'நவ்' வரிசையின் முதல் தொகுப்பை வெளியிட்டன. இரண்டு தட்டுகள், 30 பாட்டுகள், அவற்றில் 11 முதலிடம் பிடித்தவை. பாட்டு யாருடையதோ அவர்களே தொகுத்து விற்கத் தொடங்கினால் உரிமம் வாங்கி விற்பவருக்கு என்ன மிஞ்சும்? மறு வருடம் கே-டெல்லின் அமெரிக்கக் கிளை திவாலானது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார், பஸ் ஓட்டுநர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கே-டெல் தட்டுதான் வாங்குவார். அந்த முறை இரண்டையும் இரு கைகளில் ஏந்தி வெகுநேரம் நின்றார். புதியதை எடுத்துக்கொண்டார். பழையதை அதன் இடத்திலேயே, முகப்பு தெரியும்படி நேராக நிறுத்திவிட்டுப் போனார்.

டூட்டிங் பழையவர்:
வின்னிபெக் தம்பிக்கு நன்றி, திருத்திக்கொண்டேன்.

ஊசிமுனை கேட்டதை இரண்டு நாட்களாக நினைத்துப் பார்த்தேன். ஆம், நீளம்தான். தட்டில் இல்லாத ஒரு சரணத்தை அவன் பாடினான். நடுவில் இட்டுக்கட்டுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் நிறுத்தவில்லை, கடைசி வரை பாடினான்.