லாரி மோதினால் யாருக்கு அதிக விசை?

பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு இயற்பியல் எடுக்கிறேன். 8 வருடம் கரும்பலகையை நிரப்பியே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு விசைக்கும் அதே அளவில் எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒருநாள் வேறு மாதிரி கேட்டேன். லாரியும் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் மீது அதிக விசை? கார் என்றால் 1 விரல், லாரி என்றால் 2, சமம் என்றால் 3. பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி மார்போடு ஒட்டிக் காட்டச் சொன்னேன். 60 பேரில் 36 பேர் ஒற்றை விரல். விதியை ஒப்பித்த அதே பிள்ளைகள்!

விடையை நான் சொல்லவில்லை. வேறு விரல் காட்டியவரோடு 3 நிமிடம் பேசுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண், தோழியின் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "நான் தள்ளுற அளவுதானே உன் கையும் தள்ளுது? கார் லேசு, அதனால அதோட வேகம் சட்டுனு மாறுது. விசை ஒண்ணுதான்." அடுத்த முறை அறை முழுக்க மூன்று விரல்கள்.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991இல் தொடங்கிய முறை இது. எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் பேச ஒன்றுமிருக்காது, யாருக்குமே தெரியாததிலும் அப்படித்தான். வகுப்பைப் பிளக்கும் கேள்வி வேண்டும். அப்படி ஒன்றை எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

அப்புறம், மதிப்பெண் போட்டதும் பீரோவில் தூங்கப்போகும் அசைன்மென்ட்டை நிறுத்தினேன். குழுவாகச் சேர்ந்து கேள்வி, படம், விளக்கம் மூன்றையும் தமிழில் எழுத வேண்டும். விரும்பியவர்கள் மட்டும், மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாம். பெயர் போடுவதும் அவர்கள் இஷ்டம். (இதில் கட்டாயம் கூடவே கூடாது.) அடுத்த வருடப் பிள்ளைகள் அதை எடுத்து, லாரியைப் பேருந்தாக்கினார்கள். பழைய படத்தில் இரண்டு விசைகளின் அம்புக்குறிகளும் வேறு வேறு நீளத்தில் இருந்தன. நானே கவனிக்கவில்லை. அதையும் சமமாக்கியிருந்தார்கள்.

இந்தப் பதிவுக்கு இன்னொரு உறுப்பினரின் பதில்:

நான் இதே முறையில் படித்தவள். முதலில் எங்கள் குழுவில் நன்றாக ஆங்கிலம் வருபவர்களே பேசினார்கள், மற்றவர்கள் தலையாட்டினோம். பிறகு ஆசிரியர், பேசுவதற்கு முன் 1 நிமிடம் அவரவர் காரணத்தைத் தாளில் எழுதச் சொன்னார். எந்த மொழியிலும் எழுதலாம், பேசலாம் என்றார். அன்றுதான் முதல்முறையாக, "இல்லடி, நீ சொல்றது தப்பு" என்றேன்.