ரோட்டோரம் உண்டியல் ஏந்தக்கூடாது என்று தடை போட முடியுமா?

கோத்தகிரி_தேயிலை:
பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு எங்க ஊர்க்காரங்க சேர்ந்து வழக்கு நடத்துறோம். வக்கீல் செலவுக்கு சீசன் நேரத்துல, வண்டிகள் ஊர்ந்து போற இடத்துல ரோட்டோரம் நின்னு வசூல் பண்ணினோம். தாரில் கால் வைக்கலை, மண் ஓரமாத்தான் நின்னோம். கையில ஒரு தட்டி, ஒரு தகர உண்டியல். கண்ணாடியை இறக்கினவங்க கிட்ட மட்டும்தான் போனோம்.

திடீர்னு உள்ளூர் நிர்வாகம் போர்டு வெச்சிருச்சு: "வாகனங்களில் செல்வோரிடம் நன்கொடை கேட்க ஊர் எல்லைக்குள் எங்கும் தடை." உண்டியலையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒரு சீட்டுகூடத் தரலை. அதே வளைவுல காட்டேஜ் புரோக்கர்கள் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு காரை மறிச்சு "ரூம் வேணுமா சார்"னு கேக்குறாங்க. அவங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. எங்க வாய்க்கு மட்டும் ஏன் பூட்டு? வெளிநாட்டுல இந்த மாதிரி தடைகளை கோர்ட் ரத்து பண்ணியிருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

மலைப்பாதை_டிரைவர்:
அண்ணா, உங்க கோரிக்கை நியாயம்தான். ஆனா கொண்டை ஊசி வளைவுல முன்னாடி கார் நின்னா, பின்னாடி லோடோட ஏறுற லாரி ஹாஃப் கிளட்ச்சுல தவிக்கும். கிளட்ச் கருகுற வாசனை எங்களுக்குத்தான் தெரியும். வளைவுல யாருமே நிக்கக்கூடாது, புரோக்கரும் சேர்த்துத்தான்.

குன்னூர்_வக்கீல்:
நிஜம்தான். கலிபோர்னியாவில் ரெடோண்டோ பீச் என்ற ஊர், ரோட்டிலோ நடைபாதையிலோ நின்று வண்டிக்காரரிடம் வேலையோ நன்கொடையோ கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டது. தினக்கூலிகள் வழக்குப் போட்டார்கள். 2011ல் அப்பீல் கோர்ட் அதைச் செல்லாது என்றது. போக்குவரத்தை மறிப்பவரைப் பிடிக்க வேறு சட்டங்கள் இருக்கும்போது, கேட்பதையே ஊர் முழுக்கத் தடுப்பது அளவு மீறியது என்பது சாரம். என்ன பேசுகிறார் என்று பார்த்துத் தடுத்தால் அந்தச் சட்டம் தப்புவது கடினம் என்று 2015ல் கில்பர்ட் ஊர் விளம்பரப் பலகை வழக்கில் அங்கே சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது.

அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது. நம்மிடமே சரக்கு இருக்கிறது. பேச்சுரிமையை நம் அரசியலமைப்பின் 19(2) பிரிவில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே குறைக்கலாம், "பொதுநலன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது என்பது 1962 சகால் பத்திரிகைத் தீர்ப்பு. தெருக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் வழிகாட்டுதலே இல்லாமல் அதிகாரியின் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்று 1972ல் ஹிம்மத்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. புரோக்கரை விட்டுவிட்டு உங்களை மட்டும் பிடித்தது, சமத்துவம் பற்றிய 14வது பிரிவில் வரும்.

டிரைவர் அண்ணன் சொன்னதையும் தள்ளாதீர்கள். அந்த வளைவுக்கு மட்டும் தடை என்றால் நான்கூட எதிர்க்க மாட்டேன். ஊர் முழுக்க என்பதுதான் இடிக்கிறது. 1945ம் வருடத்து தமிழ்நாடு பிச்சை தடுப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம், அதனால் ரசீது புத்தகம் கையில் இருக்கட்டும். 2018ல் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை தில்லி ஹைகோர்ட் ரத்து செய்தது தில்லிக்கு மட்டும்தான்.

முதலில் ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) அந்த உத்தரவின் நகல் கேளுங்கள். எந்தச் சட்டப்பிரிவில் போட்டார்கள் என்பதுதான் உயிர்நாடி. உத்தரவை எதிர்த்து நீலகிரியிலிருந்து ரிட் மனு போட சென்னை ஹைகோர்ட், மதுரைக் கிளை இல்லை.

கோத்தகிரி_தேயிலை:
ரொம்ப நன்றிங்க. மனு நாளைக்கே போடுறோம். டிரைவர் தம்பி, வளைவை விட்டுடறோம், கீழே சமதளமா இருக்கிற இடத்துல நிக்கிறோம். வக்கீல் சார், எடுத்துட்டுப் போன உண்டியல் பணத்தை அதே மனுவில் கேக்கலாமா, தனியா எழுதணுமா?