நோயுடன் 'போரிடுவது' ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா? சீனத்தில் எப்படி?

கேள்வி (மொழிபெயர்ப்பாளன்):
புற்றுநோய் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நோயாளி 'போராடினார்', இறந்ததும் 'போரில் தோற்றார்' என்றே பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆங்கிலம் நோயைப் பகைவனாகவும், சீனம் அதை உடலின் சமநிலைக் குலைவாகவும் காண்கிறது என்பார்கள். இது சரிதானா? இரு மொழியும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (சீனம் பயின்றவர்):
பாதிதான் சரி, நண்பரே. வாய்ப்புண், தொண்டைவலி வந்தால் சீனர்கள் 'ஷாங்ஹுவோ', அதாவது நெருப்பு மேலேறிவிட்டது என்பார்கள். நம் வீடுகளில் 'உடம்பு சூடு' என்பதற்கு அது வெகு அருகில் இருக்கிறது. ஆனால் அதே மக்கள் கொடிய நோயைப் 'பிங்மோ', நோய்ப்பேய், என்று அழைத்து அதனுடன் போரிடுவதாகவும் எழுதுகிறார்கள். புற்றுநோயை எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'காங் ஐ' என்ற தொடரின் முதல் எழுத்து, ஜப்பானை எதிர்த்த போரின் பெயரிலும் உள்ளது. 2020இல் கொள்ளைநோயையும் போரையும் குறிக்கும் இரு 'யீ' எழுத்துகளின் ஒலியொப்புமையை வைத்துச் செய்தித்தாள்கள் சிலேடை செய்தன; செவிலியர் 'வெள்ளுடை வீரர்கள்' ஆயினர். இது புதுப்பழக்கமும் அன்று. கி.மு. 581இல் ஜின் நாட்டு மன்னரின் கனவில் நோய் இரு சிறுவர்களாக வந்து, வரவிருக்கும் மருத்துவருக்கு அஞ்சி, இதயத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டதாகப் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அங்கே அதைத் 'தாக்க முடியாது' என்றே மருத்துவர் கைவிரிக்கிறார். கைமீறிய நோயைக் குறிக்கும் 'பிங் ரு காவ் ஹுவாங்' என்ற மரபுத்தொடர் அந்தக் கதையில் பிறந்தது.

மறுமொழி (பொதுநல மருத்துவர்):
ஆங்கிலத்தில் போர்ப்பேச்சுக்கு அரசியலும் வலுவூட்டியது. 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டதை இன்றும் 'போர்ப் பிரகடனம்' என்கிறார்கள். தாமே புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1978இல் இத்தகைய உருவகங்களைக் கடுமையாக மறுத்தார். 'தோற்றார்' என்றால் அவர் போதிய அளவு போராடவில்லை என்ற பழி ஒட்டிக்கொள்கிறது என்பது என் கருத்தும்கூட. ஆயினும் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் பேச்சைத் திரட்டிப் பார்த்தபோது, சிலருக்குப் போர் உருவகமே தெம்பளிப்பதையும், மென்மையானதாகக் கருதப்படும் 'பயணம்' என்ற உருவகம் சிலருக்குச் சுமையாவதையும் கண்டார்கள்.

மறுமொழி (சொல்லாய்வில் ஆர்வலர்):
பக்கவாதத்தைப் பாருங்கள். அதற்கான 'ஸ்ட்ரோக்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் 'அடி'. தொடக்கத்தில் அது கடவுளின் கை கொடுத்த அடி. சீனத்தில் அது 'சோங்ஃபெங்', அம்பு தைப்பதுபோலக் காற்று தாக்குவது. நம் 'வாதம்' என்பதும் காற்றுதானே! மலை சரிவதுபோல் வரும் நோய், கூட்டிலிருந்து பட்டிழை உருவுவதுபோல் போகும் என்ற சீனப் பழமொழியில் போரும் இல்லை, சமநிலையும் இல்லை. குணமாகக் காத்திருப்பவரின் அலுப்பு மட்டுமே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கட்டுரையில் இரண்டு இடங்களில் நோயாளியே 'நான் போராடுகிறேன்' என்கிறார். அவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறேன். 'போரில் தோற்றார்' என்பது செய்தியாளரின் சொல் என்பதால், 'புற்றுநோயால் காலமானார்' என்று மாற்றிவிட்டேன்.