15 பேருக்காக ஒரு வகுப்பா?

வெர்னியர்: "சயின்ஸ் ஒலிம்பியாட் அணியை விருப்பப் பாடமாக நடத்துவது, 15 பேரின் பதக்கத்துக்காக மற்ற பிள்ளைகளின் நேரத்தைத் திருடுவது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சயின்ஸ் ஒலிம்பியாட் என்பது அமெரிக்கப் பள்ளி அணிகள் மோதுகிற அறிவியல் போட்டித் தொடர். நான் அந்த வகுப்பை ஐந்து வருடமாக எடுக்கிறேன். ஓர் அணியில் 15 பேர், போட்டிகள் 23. பெரும்பாலும் இருவர் இருவராகக் கலந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று போட்டி வரும். பள்ளி விட்டபின் ஒரு மணி நேரத்தில் ஒப்பேற்றுகிற காரியமா இது? மரக் கோபுரம் கட்டும் போட்டியில் தாங்கிய எடையைக் கோபுரத்தின் எடையால் வகுத்துத்தான் மதிப்பெண். பால்சா என்கிற லேசான மரத்தை இழைத்து, ஒட்டி, காயவிட்டு, உடைத்து, எந்த மூட்டு முதலில் விட்டது என்று குறித்து, மறுபடி முதலிலிருந்து.

பீக்கர்: "ஒருவர்" இல்லை, எழுதியது நான்தான். வகுப்பில் எத்தனை பேர்?

வெர்னியர்: 32. கேட்பதற்கு முன்பே சொல்கிறேன், இரண்டு அணி.

பீக்கர்: அப்போது 30. மீதி 2 பேர்?

மின்காந்தன்: காயவிட எதற்கு வகுப்பு? சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) பசை போட்டால் நொடியில் பிடிக்குமே.

வெர்னியர்: பிடிக்கும். அடி பட்டால் நொறுங்கவும் செய்யும். கட்டிப் பார்த்தவர்கள் பேசினால் நல்லது.

மின்காந்தன்: கட்டித்தான் பேசுகிறேன். போன வருடம் ரோபோ விவாதத்திலும் இதே அதட்டல்தான் உங்களிடம்.

பீக்கர்: பசை இருக்கட்டும். 2 பேர்?

வெர்னியர்: இருவரும் 12ஆம் வகுப்பு. ஓர் அணியில் 12ஆம் வகுப்பினர் 7 பேருக்கு மேல் கூடாது. நான் போட்ட விதி இல்லை.

பீக்கர்: இரண்டு அணிக்கு 14 இடம். தெரிந்தேதான் 12ஆம் வகுப்பினர் 16 பேரைச் சேர்த்தீர்களா?

வெர்னியர்: பாடம் எடுக்க ஆசைப்படுகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லச் சொல்கிறீர்களா? அந்த இருவரும் மற்றவர்களுக்கு மாதிரித் தேர்வு தயாரிக்கிறார்கள். வகுப்பில் மதிப்பெண் போடுவது குறிப்பேட்டுக்குத்தான், பதக்கத்துக்கு இல்லை. இதை எத்தனை தடவை எழுதுவது?

கூழாங்கல்: என் மகள் இப்படி ஒரு வகுப்பில் வருடம் முழுக்க அடுத்தவர் கோபுரத்தைத் தராசில் வைத்தாள். ஏ கிரேடு வந்தது. தராசு நன்றாகத் தெரியும் அவளுக்கு.

வெர்னியர்: அது உங்கள் ஆசிரியரின் கோளாறு. என் வகுப்பில் எல்லாரும் கட்டுவார்கள், எல்லாரும் உடைப்பார்கள்.

பீக்கர்: 30 பேர் போட்டிக்குப் போவார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள்.

மின்காந்தன்: நொறுங்குவது பசையின் குற்றம் இல்லை, அப்பி வைப்பவரின் குற்றம். படம் போடட்டுமா?

வெர்னியர்: போடுங்கள். தராசோடு சேர்த்து எடுங்கள்.