வடசென்னையை நடந்தும் ரயிலிலும் சுற்றிப் பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரி_மலர்:

வணக்கம் மக்களே. சொந்த ஊர் கோயம்புத்தூர், வேலைக்காக வேளச்சேரியில் இருக்கிறேன். மெரினா, மயிலாப்பூர், பெசன்ட் நகர், மகாபலிபுரம் எல்லாம் சுத்தியாச்சு. பாரிமுனைக்கு வடக்கே மட்டும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆபீஸில் கேட்டால் ஒருத்தரும் அந்தப் பக்கம் போனதில்லை, ஆனால் அத்தனை பேரும் "அங்கேயா, பார்த்துப் போ" என்று மட்டும் தவறாமல் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் தங்கை லீவுக்கு வருகிறாள், ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று எண்ணம். வண்டி கிடையாது, ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்கவும் மனசில்லை, அதனால் நடை, பஸ், மின்சார ரயில், மெட்ரோ இவ்வளவுதான். ராயபுரம் ஸ்டேஷன், காசிமேடு, திருவொற்றியூர் கோயில், பர்மா அத்தோ நூடுல்ஸ், எண்ணூர் இவற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க முடியுமா? எதில் தொடங்கி எதில் முடிக்கலாம்? தங்கை எப்போதும் கையில் காமிராவோடு அலைகிறவள், அதை எடுத்து வரலாமா? கழிப்பறை விஷயத்தையும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கல்மண்டபம்_காரன்:

ஒரே நாளில் முடியாது தங்கச்சி. முடித்தாலும் ஊரைப் பார்த்திருக்க மாட்டீங்க, ரயில் ஜன்னலைத்தான் பார்த்திருப்பீங்க.

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கிழக்கே கடல். அதை ஒட்டியே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, அதில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கொஞ்சம் மேற்கே டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு), மெட்ரோ அந்தப் பக்கமாகத்தான் திருவொற்றியூருக்குப் போகிறது. இன்னும் மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை, அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். கவனித்தீர்களா, எல்லாமே தெற்கு வடக்காக ஓடுகிறது. அதனால் தெற்கு வடக்காகப் போவது ரொம்பச் சுலபம், கிழக்கு மேற்காகக் கடப்பதுதான் பாடு. மேப்பில் அரை கிலோமீட்டர் என்று காட்டும், நம்பி நடந்தால் நடுவில் தண்டவாளம் வந்து நிற்கும், கொருக்குப்பேட்டை கேட் மாதிரி ஒன்றில் மாட்டினால் கூட்ஸ் வண்டி முழுசாகப் போகிற வரைக்கும் வேடிக்கைதான். ஆகவே என் யோசனை: மெட்ரோவில் வடக்கே போங்க, இறங்கி கிழக்கே கடல் பக்கம் மட்டும் நடங்க, திரும்ப மெட்ரோவுக்கே வாங்க. தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிற பெரம்பூர், வியாசர்பாடியை வேறொரு நாளுக்கு வையுங்க.

முதல் நாளுக்கு மண்ணடியில் தொடங்கி ராயபுரத்தில் முடித்தால் போதும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வந்துவிடுங்க, வெளியே வந்தாலே பர்மா பஜார், எதிர்ப்பக்கம் பாரிமுனை. அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச் இருக்கிறது, 1772-ல் கட்டியது. மதியத்துக்குள் போய்விடுங்க, அப்புறம் பூட்டிவிடுவார்கள். உலகத்தில் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் அச்சானது நம்ம மெட்ராஸில்தான், அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில், அப்படியே பவளக்காரத் தெரு. 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க. தொடங்கியது அந்தத் தெருவில். மறுநாள் கொட்டும் மழையில் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில் இருக்கிறது, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். கட்சி பிடிக்கிறதோ இல்லையோ, இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்து பார்க்கலாம், வழியெல்லாம் பார்க்க விஷயம் இருக்கிறது.

பிராட்வேயில் நேரே வடக்கே வந்தால் பாரதி மகளிர் கல்லூரி, ஒரு காலத்தில் கடன்காரர்களை அடைத்து வைத்த சிறை. ஓல்டு ஜெயில் ரோடு என்ற பெயரே அதனால் வந்ததுதான். அந்த ரோட்டிலேயே மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கும். 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் வந்து மிரட்டிய பிறகு வெள்ளைக்காரன் ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டிய மதிலில் மிச்சம் அந்தத் துண்டுதான். மதில் செலவுக்கு வரி போட நினைத்த கதை இன்னும் வால்டாக்ஸ் ரோடு என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய சங்கதி, ஆனால் உள்ளே போனால் சீட்டாடுகிறவர்களும் தூங்குகிறவர்களும்தான் இருப்பார்கள். அதுவும் நல்லதுதான், டிக்கெட் போட்டு நாசம் பண்ணவில்லை.

அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத் தாண்டி ராயபுரம். மேற்கு மாதா கோவில் தெருவில் பார்சிகளின் தீக்கோயில், 1910-ல் வந்தது, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுங்க, வாசலில் நின்று கெஞ்சாதீங்க. கடைசியாக ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் தானேயிலும் இதற்கு முன்னால் கட்டிய ஸ்டேஷன்கள் இடிபட்டுவிட்டதால், நாட்டில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது இதுதான். 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு மவுசு குறைந்து, இப்போது போனால் வரிசையாகத் தூண்கள், நடைமேடையில் நாலு பேர், அவ்வளவுதான். அங்கிருந்தே ஒரு ஸ்டாப், திரும்பக் கடற்கரை.

மீன்வாடை:

மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் காசிமேட்டை விட்டுவிட்டார். அதற்கு ஞாயிறு வேண்டவே வேண்டாம். பாதி சென்னை வஞ்சிரம் வாங்க வந்து நிற்கும், கால் வைக்க இடம் இருக்காது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. வார நாளில் வாங்க. ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும், வேளச்சேரியிலிருந்து முதல் வண்டியைப் பிடித்தாலும் பெரிய ஏலம் பாதி முடிந்திருக்கும், பரவாயில்லை, கூறு கட்டி விற்கும் அம்மாக்கள் அப்புறமும் இருப்பார்கள். பேச்சு கொடுத்தால் எந்த மீன் இன்றைக்கு வந்தது, எது ஐஸில் கிடந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், சும்மா போட்டோ மட்டும் எடுத்தால் திட்டு விழும், அதுவும் நியாயம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, அப்போது வந்தால் வலை பின்னுவதையும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும்தான் பார்க்கலாம். எனக்கு என்னவோ அதுதான் பிடிக்கும்.

செருப்பு பழசாகப் போட்டு வாங்க.

29சி_ஜன்னலோரம்:

டிக்கெட் விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பெண்கள், சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து காசே கிடையாது, முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த வண்டி வந்தால் யோசிக்காமல் ஏறுங்கள். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10-ல் தொடங்கி 50 வரை. செப்டம்பர் 2025-ல் சென்னை ஒன் என்று ஒரு செயலி வந்தது, மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்றும் காட்டும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தாம்பரம் பக்கம் மாதிரி நினைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி லைனுக்கு வராதீர்கள். அங்கே ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும், இங்கே உட்கார்ந்து பேப்பரை முழுசாகப் படித்து முடிக்கலாம், ஞாயிறு இன்னும் மோசம். அதோடு பெரும்பாலான வண்டிகள் கிளம்புவது கடற்கரையிலிருந்து அல்ல, சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து. நேரம் பார்க்காமல் கடற்கரையில் போய் நின்றால் ஆவடி, அரக்கோணம் போகிற வண்டியாக வந்துகொண்டிருக்கும். ராயபுரத்துக்கு அது போதும், எண்ணூருக்குப் போதாது. திருவொற்றியூர் வரை என்றால் மெட்ரோதான் புத்திசாலித்தனம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு அந்தப் பக்கத்து ஜனங்களின் வாழ்க்கையே மாறிவிட்டது. புது வண்ணாரப்பேட்டையில் ரயில் தரைக்கு மேலே ஏறியதும் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மொட்டை மாடிகளுக்கு அப்பால் கடல் தெரியும். நடைமேடையிலேயே நின்று பார்த்தாலும் தப்பில்லை.

பௌர்ணமி_மாமி:

திருவொற்றியூர் என்று கேட்டதால் எழுதுகிறேன் அம்மாடி. தேரடி மெட்ரோவில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான். மதியம் நடை சாத்தி சாயங்காலம்தான் திறப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு வாங்கோ. உள்ளே ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம், வருஷம் முழுக்கக் கவசத்தில்தான் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் பண்ணின ஊர் இது. அப்புறம் கிளம்பிப் போய்க் கண்ணும் போச்சு. கடல் பக்கம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, ஆனால் அங்கே போக எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்க வேண்டும், லாரிக்காரன் நிற்க மாட்டான், சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்துக் கடந்து போங்கோ.

உங்களுக்கு மின்சார ரயில் பிடிக்கும் என்றால் ஒரு பௌர்ணமி, அதுவும் வெள்ளிக்கிழமையில் வந்தால், மூன்று அம்மனைப் பார்க்கலாம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மேலூருக்கு மீஞ்சூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. அங்கிருந்து ரயிலிலேயே திருவொற்றியூர். அப்புறம் பேசின் பிரிட்ஜில் மாறி, ஆவடி வண்டியில் திருமுல்லைவாயில். எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாகத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு இப்படித்தான் போவோம். கார் வைத்திருக்கிறவர்கள் எங்களுக்குப் பின்னாலதான் வந்து சேருவார்கள்.

வேளச்சேரி_மலர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மண்ணடி முதல் ராயபுரம் வரை ஒரு நாள், திருவொற்றியூர் ஒரு நாள் என்று பிரித்துவிட்டோம். எண்ணூரை என்ன செய்வது? அத்தோ எங்கே? பாதுகாப்பு பற்றி யாருமே பேசவில்லையே, பேச ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொசஸ்தலை:

எண்ணூர்க்காரன். தாராளமாக வாங்க, ஆனால் பிக்னிக் மாதிரி வராதீங்க. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், ஒரு பக்கம் வலை வீசுகிறவர்கள், மறுபக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல் படிந்த சேறு. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறெல்லாம் கறுத்தது, அதே மாதம் அமோனியாவும் கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். நீங்கள் போடுகிற பல்பு எரிவதற்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. விம்கோ நகரில் இறங்கி பஸ் பிடித்தால் வந்துவிடலாம். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கோங்க. ஆற்றில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்களைப் பார்த்தால் கேட்காமல் படம் எடுக்காதீங்க.

வியாசை_பொண்ணு:

பாதுகாப்புக்கு நான் சொல்கிறேன், பிறந்து வளர்ந்ததே வியாசர்பாடி. சினிமாவில் காட்டுகிற அரிவாளை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவீங்க. இங்கே தெருவில் எப்போதும் ஆள் இருக்கும், திண்ணையில் ஒரு ஆயா உட்கார்ந்திருக்கும், வழி தெரியாமல் நின்றால் "யாரு வேணும்" என்று அதுவே கேட்கும். இந்த ஊரில் அதுதான் சிசிடிவி. எங்கள் தெருவை விட ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டில் ராத்திரி நடக்கத்தான் எனக்குப் பயம். கூட்டமான பஸ்ஸில் போன் ஜாக்கிரதை, அது தி.நகரிலும்தான். காமிரா கொண்டு வரலாம், ஆனால் துறைமுக கேட், கடற்படை இடம் பக்கம் தூக்காதீங்க, ரயில்வே பிளாட்பாரத்தில் பெரிய காமிரா எடுத்தால் கேள்வி வரும், அங்கே போனிலேயே எடுங்க. கழிப்பறைக்கு மெட்ரோ ஸ்டேஷன்தான் கதி, மண்ணடியில் போய்விட்டே நடையைத் தொடங்குங்க, ராயபுரம் வரை நடுவில் நம்பகமாக ஒன்றும் கிடைக்காது.

அத்தோ பாரிமுனைக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலையில். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் போட்ட கடைகள். சாயங்காலம்தான் களைகட்டும், அதனால் மேலே அண்ணன் சொன்ன நடையைத் தலைகீழாக்கி ராயபுரத்தில் தொடங்கி பாரிமுனையில் முடித்தால் சரியாகப் பசிக்கிற நேரத்துக்கு வந்து சேரலாம். ஆர்மீனியன் சர்ச் மட்டும் தப்பிப் போகும், அதை இன்னொரு நாள் ஆபீஸுக்கு லேட்டாகப் போகிற சாக்கில் பார்த்துக்கோங்க. முட்டை மசாலாவும் வாழைத்தண்டு சூப்பும் கூடவே கேளுங்க, சூப்பை எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள்.

கல்மண்டபம்_காரன்:

தலைகீழாக நடப்பதென்றால் சாயங்காலம் பாரிமுனை வந்து சேருகிற மாதிரி கணக்குப் போட்டு ராயபுரம் ஸ்டேஷனில் தொடங்குங்க. தங்கைக்கு அத்தோ காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மிளகாய்த்தூள் குறைத்துப் போடச் சொல்லுங்க, கோயம்புத்தூர் நாக்கு என்று சொன்னால் அவர்களுக்கே புரியும்.