ஆர்.ஏ. ஃபேக்டர் 38 வந்திருக்கிறது, முடக்குவாதம்தானா?

ஊசியும்நூலும்:
ஈரோட்டில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், வயது 43. இரண்டு மாதமாகக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. ஒன்பது மணி வரை கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. கொக்கி கட்டுவது இப்போது மகள் வேலை. தெருமுனை லேபில் நானாகவே டெஸ்ட் கொடுத்தேன். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் 38 (20க்குள் இருக்கணுமாம்), உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர். 52, சி.ஆர்.பி. 1.8, ஹீமோகுளோபின் 9.2. ரிப்போர்ட்டை நீட்டிய பையன் "முடக்குவாதம்க்கா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தூக்கமில்லை. நாத்தனாரோ, சி.ஆர்.பி. 6 வரை இருக்கலாம், உனக்கு நார்மல்தான் என்கிறாள். யார் சொல்வது சரி?

சிவப்புக்குழாய்:
இருபது வருடமாக லேபில் இருக்கிறேன். அந்தப் பையன் வாயை மூடியிருக்கலாம். சி.ஆர்.பி.க்குப் பக்கத்தில் யூனிட்டைப் பாருங்கள் அக்கா. டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு என்றால் உங்கள் 1.8தான் லிட்டருக்கு 18. நாத்தனார் சொல்கிற 6 லிட்டர் கணக்கு. அப்போது அது நார்மல் இல்லை. இ.எஸ்.ஆருக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்கினால் மேல் வரம்பு. உங்களுக்கு 26.5 வரும். ஆனால் ரத்தசோகையே அதை ஏற்றிவிடும், அதனால் 52ஐ மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆர்.ஏ. ஃபேக்டர் நோயில்லாதவர்களுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கும். காசநோய், ஹெபடைடிஸ் சி இருந்தாலும் ஏறும். ஆன்டி சி.சி.பி. என்று முடக்குவாதத்துக்கு இன்னொரு ரத்த டெஸ்ட் உண்டு, அதைப் பாருங்கள், அது இந்த அளவுக்கு ஏமாற்றாது.

நாகர்கோவில்காரி:
எனக்கு ஆர்.ஏ. ஃபேக்டர், சி.சி.பி. இரண்டுமே நெகட்டிவ்! "ரத்தம் நல்லா இருக்கு" என்று ஒரு வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டினார்கள். கடைசியில் ஒரு ரூமட்டாலஜி (மூட்டுவாத நோய்) டாக்டர் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, விரல்கள் தொடங்கும் மூட்டுகளைச் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கினார். கத்திவிட்டேன். அவர்கள் போடும் 10 மார்க்கில் மூட்டுகளுக்கே 5 வரை உண்டு. ஆர்.ஏ., சி.சி.பி. சேர்த்து 3, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.க்கு 1, ஆறு வாரம் தாண்டினால் 1. மூட்டு வீங்கியிருந்து, அதற்கு வேறு காரணமும் இல்லாமல், 6 எடுத்தால் முடக்குவாதம். காலையில் எத்தனை நேரம் விறைப்பு என்று எழுதிக்கொண்டு போங்கள். போகும் முன் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட வந்தால் போட்டுக்கொள்ளாதீர்கள், வீக்கம் வடிந்து டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஊசியும்நூலும்:
போய் வந்தேன். யூனிட் டெசிலிட்டர்தான், நாத்தனாரிடம் காட்டிவிட்டேன். சி.சி.பி. 164. டாக்டர் அமுக்கியதில் ஆறு மூட்டு வீக்கம், மார்க் 8. முடக்குவாதத்துக்குக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து என்று மூன்று முறை சொன்னார். காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை மார்க்கிங் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சத்து குறைவுக்கு இரும்பு மாத்திரையும் உண்டு. கொக்கி இன்னும் மகள்தான் கட்டுகிறாள், ஒன்றுக்கு இரண்டு ரூபாய் கேட்கிறாள்.